மூன்று நிமிடமும் எழுபத்தைந்து மதிப்பெண்ணும்

தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கு நேர்காணல் இருந்த காலத்தை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். 1970இல் மொத்தம் 275 மதிப்பெண்; பாடங்களுக்கு 200, நேர்காணலுக்கு 75. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடத்திற்கு அப்பாற்பட்ட சேவை, உடல்நிலை, பொதுத்திறன், நாட்டம் என ஐந்து தலைப்புகளில் அந்த 75ஐப் பகுத்து இடவேண்டும். தேர்வுக்குழுக்களோ ஒட்டுமொத்தமாக ஓர் எண்ணை இட்டன. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. நேர்காணல் சுமார் மூன்று நிமிடமே நீடித்ததை எவரும் மறுக்கவில்லை என்று அவ்வாண்டுத் தீர்ப்பு குறித்தது. 75 மிகையாகத் தோன்றுகிறது என்றும் சொன்னது.

கல்லலில் ரயிலேறிச் செல்லும் ஒரு மாணவனை எண்ணிப் பார்ப்போம். அந்த மூன்று நிமிடத்தில் அவன் எதைக் காட்டியிருப்பான்? ஓரிரு மதிப்பெண்ணில் இடம் கைமாறும் போட்டியில் 75 என்பது மலையல்லவா!

நீதிமன்றம் பார்த்தது நியாயத்தை. நேர்காணலின் கணிப்பு பின்னாளில் பலிக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தற்செயலாக அமெரிக்காவில் கிட்டியது. 1979இல் ஹூஸ்டனிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 150 பேரைத் தேர்ந்தெடுத்த பின், இன்னும் 50 பேரைச் சேர்க்குமாறு மாநிலச் சட்டமன்றம் பணித்தது. அப்போது எஞ்சியிருந்தோர் முன்பு தள்ளப்பட்டவர்களே. அவர்களைப் பிரித்ததில் பெரும்பங்கு நேர்காணல் குழுவின் அபிப்பிராயத்திற்கே. 1987இல் வெளியான ஆய்வு இருசாராரையும் ஒப்பிட்டது. மருத்துவப் படிப்பிலும் சரி, பட்டத்திற்குப் பிந்தைய முதலாண்டுப் பயிற்சியிலும் சரி, பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை.