செல்சி வெட்டு: ஒரு தோட்ட வழக்கத்தின் வரலாறு

தழைத்து வரும் செடியின் தலையைக் கொய்ய எவருக்கும் எளிதில் மனம் துணியாது. மொட்டு விடும் பருவம் நெருங்கிய வேளையில் வெட்டுவதென்றால் கை நடுங்கவே செய்யும். ஆயினும் இங்கிலாந்தின் தோட்டக்காரர் பலர், இளவேனில் முடிந்து கோடை தொடங்கும் மே மாதக் கடைசியில், இதனைத் தயங்காது செய்கின்றனர். இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'செல்சி வெட்டு' என்பதாகும்.

பெயர் ஒரு மலர்க்காட்சியால் வந்தது. 1804இல் தோன்றிய இங்கிலாந்துத் தோட்டக்கலைக் கழகம், 1862இல் கென்சிங்டனில் தன் வசந்தகால மலர்க்காட்சியைத் தொடங்கியது. 1888 முதல் டெம்பிள் தோட்டத்தில் நடந்த அக்காட்சி, 1913இல் இலண்டனின் செல்சிப் பகுதிக்கு இடம் மாறியது. முதிய போர்வீரர்கள் தங்கும் இராயல் ஹாஸ்பிடல் வளாகமே அவ்விடம். காட்சி நடப்பதும் வெட்டு நடப்பதும் ஒரே பருவமாதலின் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆகவே பெயர் 1913க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. வேலையோ பழமையானது. விக்டோரியா அரசியார் காலத்திலேயே செவ்வந்தி வளர்த்தோர் அதன் நுனியைக் கிள்ளிக் கிளைக்க வைத்தனர். அவ்வளவு தொலைவு போவானேன்? துளசியில் கதிர் தோன்றியவுடன் கிள்ளிவிடும் நம் வீட்டுப் பாட்டிமார், புத்தகம் பார்த்தா அதைச் செய்தனர்?

செல்சி வெட்டுக்கு உரியவை, குளிர்காலத்தில் மேலே பட்டு வேரினின்று மீண்டும் தளிர்க்கும் பல்லாண்டுச் செடிகள். செடம், ஹெலீனியம், ஃபிளாக்ஸ், ஆஸ்டர் ஆகியவை அவற்றுட் சில. தண்டின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வெட்டுவர். செடி குட்டையாய், அடர்த்தியாய்க் கிளைக்கும்; காற்றுக்குச் சாயாது; பூப்பது சில வாரம் பிந்தும். புதரில் பாதித் தண்டுகளை மட்டும் வெட்டினால், வெட்டாதவை முன்னும் வெட்டியவை பின்னுமாகப் பூக்கும். ஐரிஸ், பியோனி போன்றவற்றிலோ கத்தரி படலாகாது; அவ்வாண்டுப் பூவே போய்விடும்.

இதன் காரணத்தை அறிவியல் கண்டது பின்னரே. சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் முளையின் நுனி ஒளியை உணர்ந்து கீழ்ப்பகுதியை வளையச் செய்வதை 1880இல் எழுதினர். நுனியில் சுரக்கும் ஆக்சின் என்னும் பொருளை 1920களில் பிரித்துக் காட்டியவர் டச்சு நாட்டு அறிஞர் வென்ட். திமான், ஸ்கூக் என்னும் இருவர் 1933இல் மொச்சை இனச் செடியொன்றின் நுனியை வெட்டி, அவ்விடத்தில் ஆக்சினை வைத்தனர். நுனி போன பின்னும் பக்க மொட்டுகள் உறங்கியே கிடந்தன. நுனியின் ஆட்சி நீங்கினால்தான் பக்கக் கிளைகள் விழிக்கும் என்பது இவ்வாறு விளங்கிற்று. தோட்டக்காரனின் விரல் நெடுங்காலமாய் அறிந்திருந்ததற்கு அன்றுதான் விளக்கம் கிட்டியது.

அந்த விரல்கள் யாருடையவை? டார்வின் பெயர் நமக்குத் தெரியும். செல்சியின் பெயரும் தெரியும். பெருமாளிகைத் தோட்டங்களில் குனிந்து வெட்டிய கூலியாட்களின் பெயரை எழுதி வைத்தவர் அரியர். கார்ன்வால் பகுதியில் ஹெலிகன் என்னும் பண்ணைத் தோட்டம் இதற்கு ஒரு விலக்கு. உலகப் போர் மூண்ட 1914 ஆகஸ்டில், அங்குப் பணிபுரிந்த தோட்டக்காரர்கள் தங்கள் கழிப்பறைச் சுவரில் தம் பெயர்களைப் பென்சிலால் எழுதி வைத்தனர். போருக்குச் சென்றவர்களுள் பலர் மீளவில்லை. கவனிப்பாரற்ற தோட்டம் முட்புதராய் மூடிப் போயிற்று. செல்சிக் காட்சியும் 1917, 1918 ஆகிய ஆண்டுகளில் நடைபெறவில்லை.

1990இல் ஹெலிகனின் புதரை அகற்றத் தொடங்கியபோது அந்தச் சுவர் வெளிப்பட்டது. பெயர்களும் ஆண்டும் மாதமும் அழியாமல் இருந்தன.