டி செல்: வலியின் மூலமா, வழி மாற்றியா? 2015 சுண்டெலித் தரவின் மறுவாசிப்பு

நாட்பட்ட நரம்பு வலியை ஆணில் மைக்ரோக்ளியாவும் (மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நோயெதிர்ப்புச் செல்), பெண்ணில் டி செல்லும் (ஒருவகை வெள்ளையணு) உண்டாக்குகின்றன என்ற பங்கீடு இன்று மதிப்பாய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறையப் பாடமாகிவிட்டது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது, ஜெஃப்ரி மோகில், மைக்கேல் சால்டர் ஆகியோரின் குழுக்கள் 2015இல் நேச்சர் நியூரோசயின்ஸ் இதழில் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு. அதன் தரவில் எனக்கு ஐயமில்லை. அந்தத் தரவு இந்தப் பங்கீட்டைத் தாங்காது என்பதே என் வாதம்.

சோதனையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பின்னங்கால் நரம்பில் காயம்பட்ட எலி கம்பிவலைமேல் நிற்கிறது. வலைக்கண் வழியே மெல்லிய நைலான் இழையால் அதன் உள்ளங்காலை அழுத்துகிறார்கள். காயமில்லாத எலி பொருட்படுத்தாத அழுத்தத்துக்கே இது காலை வெடுக்கென இழுத்துக்கொள்கிறது. தண்டுவட நீரில் மினோசைக்ளினைச் செலுத்தி மைக்ரோக்ளியாவை அடக்கினால் ஆண் எலியின் கூருணர்வு தணிகிறது. பெண் எலியிடம் மாற்றமில்லை. மைக்ரோக்ளியாவைக் கொல்லும் நச்சைச் செலுத்தினாலும், மைக்ரோக்ளியாவிலுள்ள பி2எக்ஸ்4 ஏற்பியைத் தடுத்தாலும் அதே முடிவு. இத்தனைக்கும் காயத்துக்குப் பின் மைக்ரோக்ளியா இரு பாலிலும் பெருகத்தான் செய்கிறது.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. டி செல் இல்லாத பெண் எலிகளில் மினோசைக்ளின் வேலை செய்தது. பெண்ணின் வலியை உண்டாக்குவது டி செல்தான் என்று பின்வந்தோர் இதிலிருந்து முடிவுகட்டினார்கள். ஆய்வை எழுதியவர்கள் அதை அனுமானமாகவே வைத்திருந்தார்கள். ஆனால் வலியின் மூலம் டி செல் என்றால், அது இல்லாத எலியிடம் கூருணர்வு தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. அந்த எலியும் காலை இழுத்தது, இம்முறை மைக்ரோக்ளியா வழியாக. ஆக, மைக்ரோக்ளியா வழி பெண்ணுடலிலும் இருக்கிறது. டி செல் இருக்கும்வரை பயன்படாமல் கிடக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

பிறவியிலேயே டி செல் இல்லாததை உடல் வேறு வகையில் ஈடுகட்டியிருக்கலாம் என்ற மறுப்பு வலுவானது. ஆனால் டெஸ்டோஸ்டீரோன் கொடுக்கப்பட்ட இயல்பான பெண் எலிகளும் மைக்ரோக்ளியா வழிக்கே மாறின. விதை நீக்கப்பட்ட ஆண் எலிகள் அவ்வழியை விட்டன. பிறவி ஈடுகட்டல் இதை விளக்காது.

பிந்தைய ஆய்வுகளும், என் கணிப்பில், இந்த வாசிப்பின் பக்கமே சாய்கின்றன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் சுண்டெலிக்கு வலி தணிவதற்கு டி செல் தேவை என்று 2017இல் மோகில் குழுவே காட்டியது. 2025இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு இன்னும் தெளிவு: தண்டுவட உறையிலுள்ள ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்கெஃபலின் என்ற இயற்கை வலிநீக்கியைச் சுரந்து பெண் எலியின் வலியைத் தணிக்கின்றன; அவற்றை அகற்றினால் பெண் எலியின் கூருணர்வு ஏறுகிறது, ஆண் எலியில் ஏறுவதில்லை. வலியைத் தணிக்கும் டி செல் வகையும் உண்டு என்றான பின், 'டி செல் வலி' என்ற சொல்லாட்சி எதற்கு?

மனிதத் திசுவைக் காட்டி மறுப்போர் உண்டு. முதுகு நரம்பு முடிச்சுகளை ஆராய்ந்த 2019 ஆய்வில், நரம்பு வலியுள்ள ஆண்களிடம் மாக்ரோபேஜ் (சிதைவுகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) தொடர்பான மரபணுச் செயல்பாடு தூக்கலாக இருந்தது. அது தண்டுவடம் அல்ல. வேறு இடம், வேறு செல். எலியின் அதே முடிச்சில் மாக்ரோபேஜ்களை அகற்றினால் இரு பாலிலும் வலி குறைவதாக 2020 ஆய்வு ஒன்று சொல்கிறது.

இந்த வாசிப்பைச் சோதிக்க வழி உண்டு. மைக்ரோக்ளியா வழியை ஒதுக்கிவைப்பது டி செல்தான் என்றால், டி செல்லும் இல்லாத, விதையும் நீக்கப்பட்ட ஆண் எலியிடம் மினோசைக்ளின் வலியைத் தணிக்க வேண்டும். தணிக்காவிட்டால் மேலே சொன்ன விளக்கம் நிற்காது. தணித்தால், மருந்துச் சோதனைகளில் பங்கேற்பாளரை ஆண், பெண் என்று பிரிப்பதோடு நிறுத்தாமல், அவர்களது ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டீரோன் வகை ஹார்மோன்) அளவையும் டி செல் நிலையையும் சேர்த்தே பதிவு செய்தாக வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களும், புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆண்ட்ரோஜன் தடுப்பு மருந்து எடுக்கும் ஆண்களும் அதில் தனிப் பிரிவாக வர வேண்டும்.