மும்பைச் சால்களும் மராமத்துப் பொறுப்பும்

பருத்தி ஆலைகளும் துறைமுகமும் மும்பைக்கு இழுத்துவந்த தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்புகள் சால்கள். மாடிக்கு மாடி நீண்ட நடை, அதையொட்டி வரிசையாக ஒற்றை அறைகள், நடையின் கோடியில் எல்லோருக்கும் பொதுவான குழாயும் கழிப்பறையும். பழைய சால்களில் பல, மரத்தூணும் மர உத்தரமும் தாங்குபவை. அறைக்குள் ஏற்படும் பழுதைக் குடியிருப்பவர் எப்படியாவது சரிசெய்துகொள்வார். படிக்கட்டும் கூரையும் கழிப்பறைச் சுவரும் எந்த அறையிலும் சேராதவை. கட்டடம் நலிவது அங்கிருந்துதான். கழிப்பறைக் கசிவில் சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் முனை ஆண்டுக்கணக்கில் ஊறி இற்றுப்போகும். மேலே பூச்சு நிற்கும்வரை அது யார் கண்ணிலும் படாது.

தொடக்கத்தில் வாடகை வாங்கிய வீட்டுச் சொந்தக்காரரே மராமத்தையும் பார்த்தார். முதல் உலகப் போரின்போது வீடுகளுக்குத் தட்டுப்பாடு வந்து, 1918இல் வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் 1 அன்று இருந்த அளவோடு நிறுத்தியது. ஆலைத் தொழிலாளியின் குடும்பம் தெருவுக்கு வராமல் காத்த சட்டம் அது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது சொந்தக்காரரின் கடமை என்று சொன்னதும் அதே சட்டம்தான். கடமை அவரிடமே இருந்தது, அதற்கான பணம் ஆண்டுக்காண்டு மதிப்பிழந்தது. சொந்தக்காரர் கவனிக்காவிட்டால், குடித்தனக்காரர் நோட்டீஸ் கொடுத்துத் தாமே பழுதுபார்த்து, ஒரு வரம்புக்குள் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒருவர் வாடகையில் கழிக்கும் சில ரூபாய், எல்லோர் தலைக்கும் மேலுள்ள கூரைக்கு எப்படிப் போதும்?

இதற்கிடையே ‘பகடி’ வேரூன்றியது. அறையை விட்டுப் போகிறவர் புதிதாக வருகிறவரிடம் பெருந்தொகை வாங்குவார். அதில் ஒரு பங்கு சொந்தக்காரருக்குப் போகும். 1947ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடைசெய்திருந்தது; 1999ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. பகடி கொடுத்தவர் தம்மைப் பாதிச் சொந்தக்காரராகவே கருதினார். ஆனால் அந்தப் பணம் கைமாறியதே தவிர, கட்டடத்துக்கென்று ஒதுக்கப்படவில்லை.

மழைக்காலந்தோறும் கட்டடங்கள் சரிந்த பின், 1969இல் மராட்டிய அரசு பழுதுபார்ப்பு வாரியம் அமைக்கச் சட்டம் இயற்றியது. மும்பையின் தென்பகுதியான தீவு நகரத்தின் பழைய வாடகைக் கட்டடங்களுக்குச் சொத்து வரியோடு, பழுதுபார்ப்புக்கென ‘செஸ்’ என்ற கூடுதல் வரியும் விதிக்கப்பட்டது. முட்டுக்கொடுப்பதும் உத்தரம் மாற்றுவதும் வாரியத்தின் வேலையாயின. அப்போது பட்டியலில் சேர்ந்தவை 19,642 கட்டடங்கள். தனியார் கட்டடத்தின் பொதுப் பகுதிகளை அரசு அமைப்பே பழுதுபார்த்தது இந்திய நகரங்களில் அரிய ஏற்பாடு. 1977இல் இப்பணி புதிய வீட்டுவசதி ஆணையமான மாடாவின் கீழ் வந்தது. எனினும் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மிச்சத்தைக் குடியிருப்பவர்கள் தர வேண்டும், இல்லையேல் கட்டடத்தை இடிப்பதே வழி.

1986இல் வந்த திருத்தம் இன்னும் துணிவானது. குடியிருப்போரில் 70 சதவீதத்தினர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால், மாத வாடகையைப் போல் 100 மடங்கு தொகைக்குக் கட்டடத்தை அவர்களுக்காகக் கையகப்படுத்தலாம். சொந்தக்காரர்கள் தொடுத்த வழக்கு, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வுவரை போனது. தனியார் சொத்து எல்லாவற்றையும் சமூகத்தின் வளமாகக் கருத முடியாது என்று 2024 நவம்பர் 5 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது.

அதற்குள் பேண்டி பஜாரில் நூறாண்டு கடந்த ஹுசைனி கட்டடம் 2017 ஆகஸ்ட் 31 அன்று இடிந்து, 30க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். 2022இல் நடப்புக்கு வந்த மாடா சட்டத் திருத்தம் பொறுப்பை வரிசைப்படுத்தியது. அபாயகரமானது என்று அறிவிக்கப்பட்ட கட்டடத்தை மறுபடி கட்டும் திட்டத்தைத் தர முதல் ஆறு மாதம் சொந்தக்காரருக்கு, அடுத்த ஆறு மாதம் குடித்தனக்காரர் சங்கத்துக்கு. இருவரும் செய்யாவிட்டால் மாடாவே அதைக் கையில் எடுக்கும்.