விலாவில் பிறந்த குச்சி

1920-ல் ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரில் டிராம் சக்கரத்தில் சிக்கி, நிக்கொலாய் பொகராஸ் என்ற அறுவை நிபுணர் இரண்டு கால்களையும் இழந்தார். இனி இவர் கத்தியைத் தொடமாட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். அவரோ செயற்கைக் கால்களை மாட்டிக்கொண்டு அறுவை அரங்குக்குத் திரும்பினார். போன உறுப்பைச் செய்து வைத்துக்கொள்ளலாம் என்பதைத் தன் உடம்பிலேயே கண்ட அந்த மனிதர், அடுத்து கைவைத்தது ஆண்கள் வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஓர் இழப்பில்.

ஆணுறுப்பை இழந்தவர்களுக்கு வயிற்றுத் தோலைக் குழலாகச் சுருட்டிப் புதிதாக ஒன்றை அமைத்தார். வெறும் தோல் நிமிர்ந்து நிற்குமா? நாய்க்கும் குரங்குக்கும் அந்த உறுப்புக்குள் ஒரு சிறு எலும்பு உண்டு, மனிதனுக்கு இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க, நோயாளியின் விலாவிலிருந்தே குருத்தெலும்பை வெட்டி உள்ளே வைத்தார். 1936-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆனால் இப்படி வைத்த குருத்தெலும்பை உடம்பு சத்தமில்லாமல் கரைக்கத் தொடங்கியது.

கரையாத பொருளைத் தேடி, 1952-ல் அமெரிக்க மருத்துவர்கள் குட்வினும் ஸ்காட்டும் அக்ரிலிக்குக்குப் போனார்கள். அது கரையவில்லை; பதிலாகத் தோலை அரித்து வெளியே வரப் பார்த்தது. கோளாறு பொருளில் மட்டுமல்ல, வைக்கும் இடத்திலும்தான் என்பது 1966-ல் கெய்ரோவில் தெளிவானது. உறுப்புக்குள் ரத்தம் நிரம்பி விறைப்பவை பஞ்சு போன்ற இரண்டு அறைகள். பெஹெரி என்ற மருத்துவர் அந்த அறைகளுக்குள்ளேயே அறைக்கொரு பாலிஎத்திலீன் குச்சியைச் செருகினார். அறையைச் சுற்றியிருந்த கெட்டியான உறை குச்சிக்குக் காவலானது. 700 பேருக்குச் செய்த அறுவைகளை அவர் பதிவு செய்தார். இடம் கிடைத்துவிட்டது. இனி உடம்போடு ஒத்துப்போகும் பொருள்தான் பாக்கி. அது பத்து வருடத்துக்கு முன்பே, ஒரு குழந்தையின் தலைக்காகச் சோதிக்கப்பட்டிருந்தது.

பிலடெல்பியாவில் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜான் ஹோல்டரின் மகனுக்குத் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் நோய். நீரை வடிக்கச் சரியான வால்வு கிடையாது. தகப்பனே உட்கார்ந்து 1956-ல் சிலிக்கோனில் ஒன்றைச் செய்தார். உடம்பு அதைப் பகைக்கவில்லை. மகன் நெடுநாள் வாழவில்லை. சிலிக்கோன் மட்டும் அறுவை அரங்கில் நிலைத்துவிட்டது. 1970-களில் மயாமியில் ஸ்மால், கேரியன் என்ற இருவர் சிலிக்கோன் குச்சிகளை ஜோடியாக வைத்தார்கள். விறைப்பு வந்தது. வந்தது போகவே இல்லை என்பதுதான் புதுச் சிக்கல். வேட்டி கட்டினாலும் பேன்ட் போட்டாலும் மறைக்க முடியாது.

ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் 1973-ல் வேறு வழி காட்டினார். சிறுநீர்க் கசிவை நிறுத்த முந்தைய ஆண்டு அவர் செய்திருந்த நீர் வளையத்தின் சூட்சுமத்தையே இங்கும் கொண்டுவந்தார். விதைப்பைக்குள் குட்டி பம்ப்; அதை அழுத்தினால் அடிவயிற்றில் வைத்த பையிலிருந்து நீர் ஓடி, உறுப்புக்குள் வைத்த இரு குழாய்களையும் நிரப்பும். வேலை முடிந்ததும் நீரைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் ஆரம்பக் கருவிகள் கசிந்தன. மறுபடி கத்தி வைக்கவேண்டி வந்தது. 1980-ல் ஜெர்மனியின் ஊடோ ஜோனாஸ் சிலிக்கோனுக்குள் வெள்ளிக் கம்பியைப் புதைத்தார். மேசை விளக்கின் கழுத்தைப் போல, வளைத்த பக்கம் நின்றது அந்தக் குச்சி. இரண்டு வழிகளும் போட்டி போட்டுக்கொண்டிருந்தபோது, 1998-ல் வயாக்ரா வந்து இரண்டையும் ஓரங்கட்டிவிடும் போலிருந்தது.

காப்பாற்றியது சர்க்கரை நோய். பல வருட சர்க்கரையில் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டுப்போன பலருக்கு மாத்திரை எடுபடவில்லை. ஆனால் வெளிநாட்டுக் கருவியின் விலை இந்தியக் குடும்பத்துக்குத் தாங்காது. ஆளுக்கு ஆள் அளவு மாறுவதால் எல்லா அளவையும் இருப்பு வைக்க ஆஸ்பத்திரிக்கும் கட்டாது. மும்பையின் ஆண்ட்ராலஜிஸ்ட் ரூபின் ஷா இதற்கு எளிய வழி கண்டார். குச்சியின்மேல் கழற்றக்கூடிய உறைகள். உறையை உரித்தால் அதே குச்சி மெலிந்துவிடும். அதைத் தயாரித்தது உத்தரப் பிரதேசம் ஷாஜஹான்பூரின் சர்ஜிவேர். அந்த நிறுவனத்துக்குப் பேர் வாங்கித் தந்த இன்னொரு சரக்கு எது தெரியுமா? குழந்தைகளின் தலைநீரை வடிக்கும் ஷன்ட்!

இன்று பீனைல் இம்ப்ளான்ட் என்று டாக்டர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வது இந்தக் குச்சியையும் அந்த பம்பையும்தான். தேவாரம் ஊரின் ஏலத்தோட்டக்காரர் ஒருவர் லாட்ஜ் வைத்தியர்களிடம் லேகியத்துக்குப் பணத்தைக் கரைத்தபின் மதுரைக்கு பஸ் ஏறினால், யூராலஜிஸ்ட் முன்வைக்கும் தேர்வும் இதுதான். பம்ப் வைத்தால் வெளியே தெரியாது, விலை லட்சங்களில். வளையும் குச்சி மலிவு, பழுதாக அதில் பாகங்கள் இல்லை. எதை வைத்தாலும் உள்ளேயிருக்கும் திசு போய்விடும், பழைய இயல்பான விறைப்பு திரும்பாது. அதனால்தான் மாத்திரையும் ஊசியும் தோற்றபிறகே இதைப் பேசுகிறார்கள். கிருமி தொற்றாமலிருக்க முதலில் சர்க்கரையை அடக்கச் சொல்வார்கள். அப்புறம் கையை நீட்டச் சொன்னாலும் ஆச்சரியமில்லை: பம்பை அழுத்த விரலில் வலு இல்லாதவருக்கு, எத்தனை லட்சம் வைத்திருந்தாலும், குச்சிதான் பொருத்தம்.