கூரை பிரித்தவர்கள்

எங்கள் சேரிப் பள்ளிக்கூடத்தின் கூரை இரண்டு முறை பிரிக்கப்பட்டது. 2004இல் ஒருமுறை, 2022இல் ஒருமுறை. இரண்டு முறையும் 'அவசரம்' என்று சொல்லித்தான் பணம் வந்தது. இரண்டு முறையும் வேறெங்கோ பிள்ளைகள் செத்த பிறகுதான் வந்தது. இரண்டு முறையும் மேலே ஏறிப் பிரித்தவர்களில் எங்க அப்பாவும் ஒருவர்.

சேரிக்குப் பள்ளிக்கூடம் வந்த கதையே நீண்டது. 1893இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை போட்டது. 1894இல் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். 1920களில் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகள் திறந்தது. ஊர்ப் பள்ளியில் நம் பிள்ளைகளை உட்காரவிடாத காலம் அது. எழுத்து இப்படித் தனியாக வந்து சேர்ந்தது. நல்ல கூரை மட்டும் கடைசியாகத்தான் வரும். எங்கள் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் கட்டடம் ஒன்று, அதையொட்டி ஒரு கீத்துக் கொட்டாய். நான் ஒன்றாவது, இரண்டாவது படித்தது அந்தக் கொட்டாயில்தான்.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 பிள்ளைகள் கருகிச் செத்தார்கள். அரசு உடனே பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்றச் சொன்னது. அப்போது நான் டவுனில் ஒன்பதாவது. தங்கச்சி அந்தக் கொட்டாயில் படித்துக்கொண்டிருந்தாள். ஊராட்சிப் பணத்தில் கீற்றை இறக்கிவிட்டு சிமிட்டி சீட்டு போட்டார்கள். தீப்பிடிக்காது, கான்கிரீட்டைவிட மலிவு, சீக்கிரம் வேலை முடியும். கொக்கி மாட்ட ஓட்டை போட்டபோது வெள்ளைத் தூள் பறந்தது. பிள்ளைகள் அதைக் கையில் அள்ளி விளையாடினார்கள். யாரும் தடுக்கவில்லை.

அந்தச் சீட்டு கல்நாரும் சிமெண்டும் கலந்து செய்தது. சும்மா கிடக்கும்போது ஆபத்து குறைவு. அறுத்தால், துளைத்தால், உடைத்தால், வெயில் மழையில் அரித்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கும். நுரையீரலில் போய்த் தங்கும். நோய் வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட ஆகும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது 2004இல் தெரியாத செய்தியா? இல்லை. பள்ளிகளில் கல்நார் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க அமெரிக்கா 1986லேயே சட்டம் போட்டது. இந்தியாவிலும் கல்நார்ச் சுரங்கத்துக்குப் புதிய அனுமதி கொடுப்பதை 1986இல் நிறுத்தினார்கள். கல்நார்த் தொழிலாளியின் உடல்நலம் அவர் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. பிரிட்டன் 1999இல் கல்நாரைத் தடை செய்தது. இங்கே இறக்குமதி மட்டும் நிற்கவில்லை. 2009இல் கேரள மனித உரிமை ஆணையம் பள்ளிகளின் கல்நார்க் கூரைகளை மாற்றச் சொன்னது. நம் பிள்ளைகளைத் தீயிலிருந்து காப்பாற்ற வந்த அவசரப் பணம், தெரிந்த நஞ்சைத்தான் தலைக்கு மேல் போட்டது.

2021 டிசம்பர் 17. திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்தார்கள். பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க மறுபடி உத்தரவு. மறுபடி அவசரம். 2022இல் எங்கள் சீட்டுக் கொட்டாயும் அந்தக் கணக்கில் போனது. வெளிநாடுகளில் இந்தச் சீட்டை நனைத்து, உடையாமல் இறக்கி, உறையிட்டு மூடி எடுத்துப் போகிறார்கள். செய்கிறவர்கள் உடம்பு முழுக்க மூடிய உடையும் முகமூடியும் போட்டிருப்பார்கள். எங்க அப்பா துண்டைக்கூட மூக்கில் கட்டவில்லை. கடப்பாரையால் தட்டி உடைத்துத் தள்ளினார்கள்.

"உடைஞ்சத பள்ளத்துல கொட்டு, நல்லதா இருக்கறத நீங்களே எடுத்துக்கங்கடா" என்றாராம் காண்ட்ராக்டர். சலுகை! பள்ளம் இருப்பது சேரிக்குப் பக்கத்தில். முழுச் சீட்டுகள் எங்கள் ஆட்டுக் கொட்டாய்க்கும் குளிக்கிற தட்டிக்கும் வந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்த நஞ்சு வீட்டுக்கு வந்துவிட்டது. காகிதத்தில் மட்டும் 'அகற்றப்பட்டது' என்று எழுதியாகிவிட்டது.

அப்பாவுக்கு இரண்டு வருடமாக இருமல். "பீடி இருமல்டா அது, உடு" என்கிறார். இருக்கலாம். 2004லிருந்து அவர் எத்தனை சீட்டு அறுத்தார், எத்தனை உடைத்தார் என்று எந்த மருத்துவரும் அவரிடம் கேட்டதில்லை.

தோழர்களே, அவசர நிதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வரும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும். எடுக்கிறவனுக்கு என்ன பாதுகாப்பு? எடுத்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்? அதற்குப் பதில் என்ன போடப்போகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் மதிப்பீட்டிலேயே பணம் ஒதுக்கினால்தான் அகற்றுகிறார்கள் என்று பொருள். இல்லையென்றால் இடம் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

வருகிற கிராம சபையில் தீர்மானம் எழுதிக் கொடுக்கப்போகிறோம். எங்கள் ஆட்டுக் கொட்டாய் மேல் நாலு சீட்டு இன்னும் இருக்கிறது. "எடுத்துரலாம்பா" என்றேன். "எடுத்து எங்கடா போடுறது?" என்று கேட்டார் அப்பா.