செருகுநிரல் சேர்க்கும்போது மூல மென்பொருள் மாறாமல் காப்பது எப்படி?

ஜார்ஜ்டவுன்: தைப்பூச வேளையில் இரதம் புறப்படும் நேரத்தைத் தேடும் பக்தர்களுக்கு ஆலயத்தின் இணையத்தளம் திறக்காவிட்டால் சிரமம்தான். முதல் நாள் சேர்த்த ஒரு செருகுநிரல்கூட அதற்குக் காரணமாகலாம்.

இணையத்தள மென்பொருளான ட்ரூபலில், செருகுநிரல்களை 'கம்போசர்' என்ற கருவி பொருத்துகிறது. சார்ந்த தொகுப்புகள் அனைத்தையும் சேர்த்துப் புதுப்பிக்கச் சொன்னால், அது ட்ரூபலின் பதிப்பையே உயர்த்திவிடலாம். பழைய செருகுநிரல்கள் அதனுடன் ஒத்துப்போகாமல் தளம் முடங்கக்கூடும்.

இதைத் தவிர்க்க, 'கம்போசர்.ஜேசன்' கோப்பில் ட்ரூபலுக்கு ஒரே பதிப்பு எண்ணைக் குறிப்பிட வேண்டும். புதிய செருகுநிரலுக்கு வேறு பதிப்பு தேவைப்பட்டால், கருவி அதைப் பொருத்தாமல் நின்றுவிடும். எவையெல்லாம் மாறும் என்பதை 'டிரை ரன்' முறையில் முன்கூட்டியே பார்க்கலாம்.

பாதுகாப்புத் திருத்தம் வெளிவரும்போது, தளத்தை நகலெடுத்து வைத்துவிட்டு, அந்த எண்ணைத் தொண்டூழியர்களே மாற்றிப் புதுப்பிக்க வேண்டும்.