சுவரில் போட்ட சுண்ணாம்புக் கோடு

1964 அல்லது 65 இருக்கும். புதுச்சேரியில் சிறுவர் கால்பந்து அணி ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். அணியின் பெயர் வேண்டாம், இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? பொறுப்பில் இருந்தவர் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். தலை கோட்டைத் தொட்டவன் உள்ளே, தொடாதவன் வீட்டுக்கு. என் வகுப்புத் தோழனுக்கு நான்கு விரல் குறைந்தது. இரண்டு காலாலும் பந்தை ஒட்டவைத்தது போல ஓட்டுபவன் அவன். அவனை ஒரு தடவை ஆடச்சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. நான் நெட்டை, உள்ளே போய்விட்டேன். எனக்கு ஆடத் தெரியாது என்பது இரண்டே வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது.

பள்ளியில் எங்களுக்குப் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். ஆனால் அந்தப் பிரான்சிலேயே அன்று விளையாட்டு நிலைமை சுகமில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட இல்லாமல் திரும்பினார்கள். தெ கோல் அரசுக்கு அது பெரிய தலைக்குனிவு. விளையாட்டைப் பயிற்றுவிப்பதை அரசு தன் வேலையாக எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். கால்பந்தில் அந்த வேலையைச் செய்தவர் ஜோர்ஜ் பூலோஞ். பயிற்சியாளனுக்கே முதலில் பயிற்சி வேண்டும் என்றவர். 1970களின் தொடக்கத்தில் விஷி நகரில் இளைஞர்களுக்கான தேசியக் கால்பந்துப் பள்ளி வந்தது. 1973இல் தொழில்முறைக் கிளப்புகளுக்கு ஒரு சாசனம் வந்தது. விலைக்கு ஆள் வாங்கினால் மட்டும் போதாது, சொந்தமாகப் பயிற்சி மையம் வைத்துச் சிறுவர்களை வளர்க்கவும் வேண்டும் என்றது அது. ஓசேர் என்ற சிற்றூரின் அணி, கி ரூ என்ற ஒரே பயிற்சியாளரின் கையில் வளர்ந்து, 1996இல் பிரெஞ்சு லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றதென்றால், அது இப்படி வளர்த்த பிள்ளைகளால்தான்.

1988இல் விஷிப் பள்ளி பாரிசுக்குத் தென்மேற்கே காட்டோரம் இருக்கும் கிளேர்ஃபோந்தேனுக்கு மாறியது. பிறகு அங்கே 13 முதல் 15 வயதுப் பையன்களையும் சேர்த்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கல், பகலில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம், மாலையில் பயிற்சி. சனி ஞாயிறு வீட்டுக்குப் போய்த் தங்கள் கிளப்புக்கு ஆடுவார்கள். பயிற்சியில் ஓட்டப்பந்தயத்தைவிடப் பந்துக்கே முதலிடம். பழக்கமில்லாத காலுக்கு வேலை அதிகம். நாங்கள் ‘கோப்பி’ எழுதிய மாதிரி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். தியரி ஆன்ரி அங்கே படித்த பையன். எம்பாப்பேயும் அப்படியே.

பலன் உடனே வரவில்லை. 1993 நவம்பரில் பாரிசில் பல்கேரியாவிடம் கடைசி நிமிடக் கோலில் தோற்று, பிரான்சு உலகக் கோப்பைக்கே போகவில்லை. ஐந்தே வருடத்தில், 1998 ஜூலை 12 அன்று, பிரேசிலை 3-0 என்று வென்றார்கள். அந்தப் போட்டித்தொடரில் பிரான்சுக்காக அதிகக் கோல் அடித்தவர் 20 வயது ஆன்ரி.

இவ்வளவு நல்ல வலையிலும் ஓட்டை இருந்தது. மாக்கோன் ஊர்ப் பையன் அந்துவான் கிரீஸ்மானைக் குள்ளம் என்று பல பிரெஞ்சுக் கிளப்புகள் திருப்பி அனுப்பின. அவனை எடுத்து வளர்த்தது ஸ்பெயினின் ரெயால் சொசியெதாத்.

குள்ளம் போதாதென்று காகிதமும் வந்தது. 2010 நவம்பரில் பிரெஞ்சு சம்மேளனத்தின் பயிற்சிப் பொறுப்பாளர்கள் ஒரு கூட்டம் போட்டு, அகாடமிகளில் இரட்டைக் குடியுரிமைப் பிள்ளைகளுக்கு வரம்பு வைக்கலாமா என்று பேசினார்கள். மறு ஏப்ரலில் விஷயம் பத்திரிகையில் வந்து நாறியது. நடைமுறைக்கு வரவில்லை, நல்லவேளை. காகிதத்தோடேயே காலம் தள்ளிய குமாஸ்தா நான், எனக்கே வெட்கமாக இருந்தது. 12 வயதுப் பையனின் காலைப் பார்ப்பதா, பாஸ்போர்ட்டைப் பார்ப்பதா? 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட நம்மூர்க் குடும்பங்களுக்கு இது எப்படிச் சுட்டிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

என் தோழனுடையதும் அப்படி ஒரு ‘சொல்தா’ குடும்பம்தான். அவனும் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சிலேயே தங்கிவிட்டான். 2018 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் குரோவேசியாவுக்கு எதிராக பெனால்டியை அடித்தது அதே கிரீஸ்மான். ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து போன் வந்தது. ஹலோகூடச் சொல்லவில்லை.

"டேய் நெட்டை, பார்த்தியாடா?" என்றான்.

பார்த்தேன் என்றேன்.